ஏழாம் நம்பர் பதில்

எங்கள் கல்லூரி சுகாதார மையத்தில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்து, போன மாதம் ஓய்வு பெற்ற அக்காவைப் பற்றி ஆண்டு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி முதல்வர் என்னிடம் கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன். கனிவானவர், கடமை தவறாதவர், அவர் கட்டுப் போட்டால் கட்டுதான் தெரியும், வலி தெரியாது என்றெல்லாம் போட்டிருக்கிறேன். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அந்த நாலு வரிக்குள் வராத ஒரு விஷயம் பத்து மாதமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதில் பாதிப் பழி என்னுடையது. அதனால் அதை எழுதும் உரிமையும் எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

நான் அதே கல்லூரியில் கம்ப்யூட்டர் ஆள். பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், முதல்வரின் மனைவி போனில் படம் அழிந்துபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கென்று ஓர் அறை ஒதுக்க மனசில்லாமல், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த சுகாதார மையத்தில் ஒரு மேஜையைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். எதிர் மேஜை அக்காவுடையது. ஒரு கட்டில், எடை பார்க்கும் மெஷின், சுவரில் பெரிய எழுத்தில் ஆரம்பித்துப் பொடி எழுத்தில் முடியும் கண் பரிசோதனை அட்டை. ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம். அதன் பின்சுவர் ஓரமாகத்தான் பையன்கள் சிகரெட் பிடிப்பார்கள். அக்கா ஜன்னலைத் திறந்து லேசாக ஒரு இருமல் இருமினால் போதும், பத்துப் பேர் பத்துத் திசையில் கலைந்து போவார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் முதல்வர் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போனார். போனவர் சும்மா வரவில்லை. மாணவர்கள் புகைப்பதை விடுவதற்கு மற்ற கல்லூரிகளில் ஆன்லைனில் திட்டம் நடத்துகிறார்களாம், நாமும் நடத்தியே ஆக வேண்டும் என்று வந்து நின்றார். அதை உருவாக்குவது நான், நடத்துவது அக்கா என்று எங்கள் இருவர் தலையிலும் கட்டிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்.

‘இன்று இல்லை’ என்று பெயர் வைத்தது அக்காதான். இனிமேல் இல்லை என்றால் பையன்கள் மிரண்டு போவார்கள், இன்று ஒரு நாள் என்றால் யாரும் தாங்கிவிடுவார்கள் என்றார். போனிலேயே பதிவு செய்துகொள்ளலாம். சொந்தப் பெயர் தேவையில்லை, ஒரு பட்டப்பெயர் போதும். பெயர் வெளியே போகாது என்று முதல் பக்கத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தோம். ‘கடைசி பெஞ்ச்’ என்று ஒருவன், ‘தலைவலி’ என்று ஒருவன், ‘நாளை முதல்’ என்று ஒருவன் வந்து சேர்ந்தார்கள். பக்கத்தைத் திறந்தால் நடுவில் பெரிதாக ஓர் எண் இருக்கும். அவன் பிடிக்காமல் இருந்த நாட்களின் எண்ணிக்கை. அதன் கீழே ‘இன்று பிடித்துவிட்டேன்’ என்று ஒரு பட்டன். தினமும் திறந்து பார்த்து, அந்தப் பட்டனை அமுக்காமல் விட்டால் எண் ஒன்று கூடும். அதற்கும் கீழே, மனதில் இருப்பதை எழுத ஒரு பெட்டி. அதில் எழுதுவது அக்காவின் மேஜைக்கு வரும், ஆனால் பதில் சொல்வது யார் என்று பக்கத்தில் எங்கும் போடவில்லை.

பட்டனை அமுக்கினால் அந்த எண் என்ன ஆக வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் முதல் சண்டை. அந்த ஒரு நாளை மட்டும் கழித்துவிடலாம் என்றேன் நான். அக்கா ஒரே பிடியாக நின்றார். எத்தனை நாள் ஆகியிருந்தாலும் சரி, ஒன்று பிடித்தாலும் சரி, எண் பூஜ்ஜியத்துக்குப் போக வேண்டும்.

“ஒண்ணே ஒண்ணுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது தம்பி. எனக்குத் தெரியும்” என்றார்.

எப்படித் தெரியும் என்பதை அன்றுதான் சொன்னார். அவருடைய அண்ணன் லாரி ஓட்டியவர். விட்டுவிட்டேன் என்பாராம், இன்று ஒண்ணே ஒண்ணுதான் என்பாராம். தங்கை நர்ஸ் என்பதால் அவரிடம் மட்டும் ஒளித்துப் பிடிப்பாராம். குளியலறை ஜன்னல் கட்டையில் கிடந்த சிகரெட் துண்டுகளைத் தினமும் எண்ணிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் கூட்டித் தள்ளியிருக்கிறார் அக்கா. எதையாவது கேட்டால் அண்ணன் முகம் வாடிவிடுமே என்று ஏழு வருடம் சும்மா இருந்திருக்கிறார். நாற்பத்து நாலு வயதில் அண்ணன் போய்விட்டார். ஒரு நாளாவது கண்டிப்பாக இருந்திருந்தால் அவர் இருந்திருப்பார் என்று அக்கா நம்பினார். எண்ணைப் பூஜ்ஜியமாக்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்கு ஜீரோ அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டவன் நான் ஒருவன்தான். சிரித்துக்கொள்வார்.

முதல் சில மாதங்கள் ஒவ்வொருவனுக்கும் அக்கா தன் கையால் பதில் தட்டினார். ஒரு விரலால்தான் தட்டத் தெரியும். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று கடைசி பெஞ்ச் எழுதியபோது, அரை மணி நேரம் யோசித்து, ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்துத் தோல் அறுந்து போகாமல் ஒரே சுருளாக உரித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு கைக்கும் வேலை, வாய்க்கும் வேலை என்றார். அவன் தினமும் எத்தனை சுற்று வந்தது என்று எழுத ஆரம்பித்தான். அக்காவுக்கு அவன் மேல் தனிப் பிரியம். காலையில் வந்து கைப்பையை வைப்பதற்கு முன்னாலேயே, கடைசி பெஞ்ச் எத்தனை என்று கேட்பார். நாற்பது என்பேன், அறுபத்தொன்று என்பேன். அவர் முகம் மலர்ந்துவிடும்.

பிறகு கூட்டம் கூடிவிட்டது. முந்நூறு பேர். காய்ச்சல், வயிற்றுவலி, வழுக்கி விழுந்தவர்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டு, நடுவில் முந்நூறு பேருக்கும் ஒரு விரலால் பதில் தட்ட முடியுமா? அக்கா நாலைந்து நாள் உட்கார்ந்து, அடித்து அடித்துத் திருத்தி, பொதுவாகத் தேவைப்படும் பன்னிரண்டு பதில்களை எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு நம்பர் கொடுத்தேன். நம்பரைத் தட்டினால் பதில் போய்விடும். இந்த வசதியைச் செய்து கொடுத்த புண்ணியவான் நான்தான். அந்தப் பன்னிரண்டையும் ஒரு தாளில் அச்சடித்து, அக்காவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஏழாம் நம்பர், பட்டனை அமுக்கியவர்களுக்கானது.

அன்று கல்லூரியில் ரத்ததான முகாம். எங்கள் அறையில் எடை பார்க்க வரிசை வாசல் தாண்டி நின்றது. அக்கா ஒருவன் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டே திரையைப் பார்த்தார். கடைசி பெஞ்ச் பட்டனை அமுக்கியிருந்தான். பெட்டியில் எழுதியும் இருந்தான். ‘இன்னைக்கு ஒண்ணு பிடிச்சிட்டேன். ஒண்ணுதான். தொண்ணூத்தாறு இருந்துச்சு. அது அப்படியே இருக்கட்டுமா?’

“எங்க அண்ணன் மாதிரியே பேசுறான் பாரு” என்றார் அக்கா என்னிடம்.

நான் பிரிண்டருக்குள் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் “ம்” என்றேன். இருக்கட்டுமே அக்கா என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஏன் பிடித்தாய் என்று அவனை ஒரு வரி கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அக்கா ஏழாம் நம்பரைத் தட்டினார். சற்று நேரத்தில் ‘சரி’ என்று ஒரு வார்த்தை வந்தது. அதன் பிறகு கடைசி பெஞ்ச் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

மறுநாள் அவன் எத்தனை என்று அக்கா கேட்டார். ஜீரோ என்றேன். நாளைக்கு ஒன்றாகிவிடும் என்றார். ஒரு வாரம் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

இதற்கு நடுவில் ‘நாளை முதல்’ என்ற பெயர்க்காரன் இருநூறு நாளைத் தொட்டான். அவனே தன் பெயரைச் சொல்லி முன்வந்ததால் விழா வைத்து, முதல்வர் கையால் கோப்பை கொடுத்தோம், அவனும் மேடையில் மன உறுதியைப் பற்றிப் பத்து நிமிடம் வெளுத்து வாங்கினான். மூன்றே வாரத்தில் வண்டி நிறுத்துமிடத்தின் பின்சுவர் ஓரமாக வாட்ச்மேன் அவனைக் கையும் களவுமாகப் பிடித்தார். அன்றைக்கு அவன் எண் இருநூற்று இருபத்து மூன்று. அவன் ஒரு நாளும் விட்டதே இல்லையாம். பக்கத்தைத் திறப்பானாம், பட்டனை மட்டும் தொட மாட்டானாம். நாங்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் ஏற்பாட்டில் பொய் சொன்னவனுக்குக் கோப்பை, உண்மையைச் சொன்னவனுக்குப் பூஜ்ஜியம்.

உறைக்க இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. முதல்வர் அடுத்த கூட்டத்தில் வாசிக்க அறிக்கை கேட்டார். கணக்கெடுத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, பிறகு ஒரே ஒரு முறை பட்டனை அமுக்கியவர்கள் நாற்பத்தொரு பேர். அதற்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் மூன்று பேர். நான் தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி எடுத்தேன். அதே மூன்றுதான். அச்சடித்து அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். ஒரு பையன் தலைவலி மாத்திரை கேட்டு வந்தான். கொடுத்து அனுப்பினார். பிறகு, எண்ணைப் பூஜ்ஜியமாக்காமல் இருக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். பதினோரு நிமிடம் ஆயிற்று. சேர்த்த நாட்கள் எல்லோருக்கும் அப்படியே திரும்பி வந்தன. கடைசி பெஞ்சின் பக்கத்தில் தொண்ணூற்றாறு என்று வந்தது. அக்கா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த எண்ணைப் பார்த்தார். அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினார், இந்தத் தடவை ஒரு விரலால் தட்டி. அது படிக்கப்படாமலே கிடந்தது.

அவன் யாரென்று கண்டுபிடித்துத் தரச் சொன்னார். முடியாது என்றேன். பெயர் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறோமே. இரண்டு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அதனால் மூன்றாவது வாரம் என்னால் தாங்க முடியவில்லை. பதிவு செய்த போன் நம்பரைப் படிப்பு முடித்தவர்கள் பட்டியலோடு ஒட்டிப் பார்த்தேன். அவன் கண் பரிசோதனைப் படிப்புப் படித்தவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான் என்று இருந்தது.

அக்காவுக்கு எப்படியும் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. போய் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாக எல்லாவற்றையும் சொல்லி, தொண்ணூற்றாறு அப்படியே இருக்கிறது, நாளைக்குத் திறந்தால் தொண்ணூற்றேழு என்று சொல்லிவிட்டு வரலாம் என்பது ஏற்பாடு. ஒரு சனிக்கிழமை மதியம் என் வண்டியில் கூட்டிப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கே ஒப்பித்துக் காட்டிக்கொண்டு வந்தார்.

சின்னக் கடை. முன்பக்கம் கண்ணாடி அலமாரிகள், பின்பக்கம் திரை போட்ட ஒரு இருட்டறை. நான் எதிர்பார்த்ததைவிட அவன் ஒல்லியாக இருந்தான். சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் அடையாள அட்டை போட்டிருந்தான். மெஷினில் தாடையை வைக்கச் சொன்னவன், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். நீங்கள் எங்கள் கல்லூரி நர்ஸ் மேடம்தானே என்றான். முதல் வருடத்தில் மைதானத்தில் கண்ணாடிச் சில்லை மிதித்துவிட்டு வந்தானாம். நாலு நாள் கட்டுப் போட்டீர்கள், வலிக்கிறதா வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போட்டீர்கள் என்று சந்தோஷமாகச் சொன்னான். அக்காவுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் தலையை ஆட்டினார்.

அவன் மேல் சிகரெட் வாடை அடித்தது. திரையோரம் நின்றிருந்த எனக்கே அடித்தது என்றால், முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கேட்க வேண்டுமா? மேஜை ஓரத்தில் ஒரு தட்டில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. ஒரே சுருள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சிகரெட் பழக்கம் உண்டா தம்பி என்று கேட்டார்.

அவன் கூச்சத்தோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். விட்டுப் பார்த்தேன் மேடம் என்றான். கல்லூரியில் ஆன்லைனில் ஒன்று இருந்தது, முதலில் நன்றாகத்தான் பேசியது, ஆரஞ்சுப் பழம் உரிக்கச் சொல்லிக் கொடுத்ததே அதுதான் என்றான். அவனுடைய அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் மாமா ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பாதியிலேயே அணைத்துவிட்டானாம். மறைத்திருக்கலாம், மனசு கேட்கவில்லை, பட்டனை அமுக்கிவிட்டேன் என்றான்.

“தொண்ணூத்தாறு நாள் மேடம். அப்படியே இருக்கட்டுமான்னு கேட்டேன். என் ரூம்ல இருந்தவனுக்கு வந்த அதே பதில், ஒரு எழுத்துகூட மாறல. அப்பத்தான் அது மெஷின்னு தெரிஞ்சுது. மெஷினுக்கு என்ன தெரியும்? அந்தப் பக்கம் உங்கள மாதிரி யாராவது உக்காந்திருந்தா திருப்பிக் குடுத்திருப்பீங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் தானாகவே தாடையை மெஷினில் வைத்துக்கொண்டார். அவன் ஒவ்வொரு வில்லையாக மாற்றி, இது நன்றாகத் தெரிகிறதா, இதுவா என்று கேட்டான். அக்கா எல்லாவற்றுக்கும் இது என்றார், எதுவும் தெரியாமலே. அவன் பொறுமையாக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று மட்டும் கிளம்பும்போது கேட்டார். நன்றாக இருக்கிறார்கள் என்றான்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதைச் சொல்லத்தானே வந்தோம், ஏன் சொல்லவில்லை என்று நடுத்தெருவில் நின்று கேட்டேன்.

“அவன் மனசுல ஒரு நல்ல நர்ஸ் இருக்கா தம்பி. அவளையும் நானே கொல்லணுமா?” என்றார்.

அது அவனுக்காகச் சொன்னதா, தனக்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, எப்போதும் சொல்வதுபோல் பார்த்துப் போ என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

கண்ணாடி தயாரானதும் வாங்கி வர அக்கா போகவில்லை. நான் போனேன். அவன் கடையின் பக்கச் சந்திலிருந்து கையைத் துடைத்தபடி வந்தான். மேடம் வரவில்லையா என்று கேட்டான். நான் அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தத் திட்டத்தின் கம்ப்யூட்டர் வேலையைப் பார்ப்பவன் நான், இப்போது ஒன்று பிடித்தால் பூஜ்ஜியம் ஆகாது, மாற்றிவிட்டோம், உங்கள் தொண்ணூற்றாறு அங்கேயே இருக்கிறது, திறந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டே கேட்டான். இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கூட்டில் வைத்து மூடினான்.

“நல்லது சார். இனிமே வர்ற பசங்களுக்கு உதவும்” என்றான். பிறகு, “எனக்கு அது அன்னைக்கு வேண்டியிருந்துச்சு” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பில்லை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்து உட்கார்ந்திருந்தவரை உள்ளே கூப்பிட்டான்.

சுகாதார மையத்துக்கு வந்து கூட்டை அக்காவின் மேஜை மேல் வைத்தேன். அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவர் அட்டையைப் பார்த்தார். கடைசி வரி வரை தெரிகிறது என்றார். பிறகு குனிந்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளில் விரலை வைத்து, ஒவ்வொன்றாக இறங்கி வந்து, ஏழாம் நம்பரில் நிறுத்தினார். “பரவாயில்லை. பூஜ்ஜியமும் ஓர் ஆரம்பம்தான். இன்றே தொடங்குங்கள்” என்று வாய்விட்டுப் படித்தார்.

“எவ்வளவு அழகா எழுதியிருக்கேன் பாரு தம்பி” என்றார்.